பெரிய ஊர்வனக் கூண்டுக்கு எந்த மரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இகுவானா, டெகு ஆகிய பல்லிகள், போவா, மலைப்பாம்பு ஆகிய பாம்புகள் மாதிரியான பெரிய உருப்படிகளுக்கு வீட்டிலேயே கூண்டு கட்ட நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கணக்குகள் எல்லாம் 8 அடி நீளம், 4 அடி ஆழம், 4 அடி உயரமும் முன்பக்கம் ஓடும் கண்ணாடிக் கதவும் கொண்ட கூண்டை வைத்துச் சொல்லப்பட்டவை. வளர்க்கப்போகும் இனத்தை உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை மரம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த மரம் வாங்குவது?

18 மி.மீ. கனமுள்ள, நீர் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட். கடையில் 'மரைன்' என்று கேட்டால் கிடைப்பது. அடியில் தாங்குவதற்கும் முகப்புச் சட்டத்துக்கும் நன்றாகக் காய்ந்த கட்டை மரம். பெரும்பாலான கூண்டுகளுக்கு இந்தச் சேர்க்கை போதும். மற்றவை எல்லாம் விதிவிலக்குகள், அவற்றுக்குக் காரணம் வேண்டும்.

எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு மலிவாகக் கிடைக்கிறதே?

வறண்ட நிலத்து இனம், சிறிய பெட்டி என்றால் மெலமைன் (கெட்டியான பிளாஸ்டிக் படலம்) ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு ஓடும். கடையில் விற்கும் பியர்டட் டிராகன் (தாடிப்பல்லி) பெட்டிகள் பல அதில் செய்தவைதான். 8 அடிக் கூண்டுக்கு அது சரிப்படாது. தூளும் பசையும் சேர்த்து அழுத்திய பலகை என்பதால் விளிம்பில் ஒரு துளி தண்ணீர் நுழைந்தாலும் ஊறி உப்பிவிடும். உப்பியது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. மேலே உள்ள மெலமைன் படலம் பளபளவென்று இருக்க, உள்ளே திருகாணி பிடித்த இடம் புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள மூலைதான் முதலில் போகும்.

எடையும் ஒரு சங்கடம். 8×4 அடி அளவில் 18 மி.மீ. எம்.டி.எஃப். ஒரு தகடு ஏறக்குறைய 40 கிலோ. அதே அளவு பிளைவுட் 30 முதல் 35 கிலோ. மேற்கூரையாக நீளவாக்கில் கிடத்தினால் எம்.டி.எஃப். தன் எடையிலேயே நாளடைவில் தொய்ந்துவிடும்.

மரச்சீவல்களைப் பசையோடு அழுத்திச் செய்த ஓ.எஸ்.பி. பலகையைச் சிலர் விரும்புகிறார்கள். வலுவில் குறை இல்லை. ஆனால் அதன் சொரசொரப்பான முகத்தில் எத்தனை கோட் அடித்தாலும் ஊசித்துளைகள் மிஞ்சும். பாம்புகளைத் தாக்கும் சிற்றுண்ணிக்கு அப்படிப்பட்ட துளைதான் வீடு. கழிவைத் துடைத்தெடுப்பதும் பெரும்பாடு.

பிளைவுட் நல்லதா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முத்திரையைப் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தகட்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பசைக்கோடு கருஞ்சிவப்பாக, காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை. அது தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும். கோடே தெரியாமல் வெளிறி இருந்தால் யூரியா பசையாக இருக்க வாய்ப்பு அதிகம். 'எம்.ஆர்.' என்ற தரம் இந்த வகை. ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

அடுத்து அதே வெட்டுமுகத்தில் இடைவெளி தேடுங்கள். உள்ளடுக்குகள் முட்டாமல் விட்ட இடங்களில் எலிப்பொந்து மாதிரி சிறு ஓட்டை தெரியும். நான்கு விளிம்பிலும் இரண்டு மூன்றுக்கு மேல் தெரிந்தால் உள்ளேயும் அப்படித்தான். தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் ஓசை வெற்றாகக் கேட்டால் அடியில் காலியிடம். பிறகு தகட்டை நிமிர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்த தகடு கூரைக்கும் ஆகாது, கண்ணாடி ஓடும் முகப்புக்கும் ஆகாது.

சந்தேகம் தீரவில்லையா? கையளவு துண்டு ஒன்றை வாங்கி வந்து 4 மணி நேரம் கொதிக்க விடுங்கள். மட்டமான பசையாக இருந்தால் அடுக்குகள் வாழைமட்டை உரிவது போலப் பிரியும்.

பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு பற்றிக் கவலை இருந்தால் ஈ1 அல்லது ஈ0 (வாயு குறைவாக வெளிவிடும் தரங்கள்) என்று குறித்த தகடாகக் கேளுங்கள். கூண்டுக்குள் காற்று குறைவு, சூடு அதிகம். திறந்த அலமாரியில் பொருட்படுத்த வேண்டாத வாயு மூடிய பெட்டியில் நெடியாகத் தேங்கும். பசையிலேயே பூச்சிமருந்து கலந்த தகடுகளும் சந்தையில் உண்டு. கரையான் அரிக்காது என்று சொல்லி விற்றால் எந்த மருந்து என்று கேளுங்கள். பதில் கிடைக்காத தகட்டை விட்டுவிடுவது நல்லது.

தேக்கு மாதிரி முழு மரப் பலகையில் கட்டினால் இன்னும் உறுதியாக இருக்காதா?

உறுதியில் குறைவில்லை. அசைவில்தான் சிக்கல். மரம் நார் ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது, அகலவாக்கில் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். 60 செ.மீ. அகலத்துக்குச் சேர்த்து ஒட்டிய பைன் பலகை, வறண்ட பருவத்துக்கும் ஈரப் பருவத்துக்கும் நடுவே 7 மி.மீ. வரை அசையும். கூண்டுக்குள் இது இன்னும் மோசம்: ஒரு முகம் 80 சதவீத ஈரப்பதத்தில் நனைந்துகொண்டிருக்கும், வெளிமுகம் அறைக்காற்றில் காய்ந்துகொண்டிருக்கும். பலகை அப்பளம் போல வளையும், மூலையில் போட்ட சிலிக்கான் கிழியும், கதவு சிக்கும்.

பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்கே மாறுவதால் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகிறது. ஆகவே அகலமான பரப்பெல்லாம் பிளைவுட், ஒடுக்கமான சட்டமெல்லாம் கட்டை மரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் எண்ணெய்ப்பசை காரணமாகப் பசையும் பூச்சும் சரியாகப் பிடிக்காது. ஒட்டப்போகும் முகத்தை உப்புத்தாள் போட்டு, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, உடனே ஒட்ட வேண்டும்.

தவிர்க்கவேண்டிய மரங்கள் எவை?

மணக்கும் மரம் எல்லாமே சந்தேகத்துக்குரியது. சிடார், கற்பூர மரம், தைல மரம் ஆகியவற்றை உள்ளே விடாதீர்கள். பூச்சியை விரட்டும் அந்த வாசம்தான் மூடிய பெட்டியில் ஊர்வனவற்றின் மூச்சுக்குழாயை எரிக்கிறது. மேற்கத்திய சிவப்பு சிடாரில் உள்ள பிளிக்காட்டிக் அமிலம் மரவேலை செய்யும் மனிதர்களுக்கே ஆஸ்துமாவை உண்டாக்குவது. பச்சைப் பைன் சூடுபட்டால் பிசின் கசியும், குறிப்பாகக் கணுக்களில். உலைக்களத்தில் உலர்த்திய பைன், மேலே முழுப்பூச்சு என்றால் சட்டத்துக்குத் தாராளமாக ஆகும்.

பச்சை அல்லது வெளிர்பழுப்பு நிறம் ஏற்றிய, வெளிப்புற வேலைக்கென்று மருந்தேற்றிய மரத்தைத் தொடவே வேண்டாம். பழைய சரக்கில் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் இருக்கலாம். வேலியையோ தளத்தையோ பிரித்தெடுத்த மரம் இலவசமாகக் கிடைத்தாலும் அதே பதில்தான்.

சரக்குப் பெட்டி, பேலட் மரம் என்றால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்ற எழுத்து சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது, அது வேண்டாம். எச்.டி. மரத்தில்கூட வழியில் எந்த ரசாயனம் சிந்தியது என்று யாருக்கும் தெரியாது. வெளிப்புறக் கால்களுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

குண்டூசித் தலையளவு ஓட்டையும் அதன் கீழே மாவு மாதிரித் தூளும் தெரியும் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் பூச்சடித்து மறைக்க முடியாது.

எத்தனை தகடு வாங்குவது, எப்படி அறுப்பது?

8×4×4 அடிக் கூண்டுக்கு 4 தகடு. ஒவ்வொன்றும் 2440×1220 மி.மீ.

அடித்தளம், கூரை, பின்சுவர் மூன்றும் முழுத் தகடு, அறுக்கவே வேண்டாம். நான்காவது தகட்டில் இரண்டு பக்கச்சுவர். பின்சுவர் அடித்தளத்தின் மேல், பின்விளிம்பை ஒட்டி நிற்கும். அதன் 18 மி.மீ. கனம் ஆழத்தில் போய்விடுவதால் பக்கச்சுவர்கள் 1220 மி.மீ. உயரம், 1202 மி.மீ. ஆழம். 1220 இரண்டு என்று பாதியாக அறுத்துவிட்டு முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பதுதான் வழக்கமான தவறு. ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய 3 மி.மீ. தின்னும், அது போகக் கையில் மிஞ்சுவது 30 மி.மீ. பட்டை. அதை எறியாதீர்கள், கண்ணாடி ஓடும் பள்ளத்துக்குப் பின்தாங்கலாக வைக்கலாம். மொத்த உயரம் 1256 மி.மீ. வரும்.

தகடு மட்டும் 130 கிலோ. 4 அடி ஆழமுள்ள பெட்டி எந்த அறைக்கதவு வழியாகவும் முழுதாக நுழையாது. எனவே தனித்தனியாகப் பூச்சடித்து, நிற்கப்போகும் அறையிலேயே போல்ட் போட்டு நிறுத்துங்கள்.

திருகாணி 4×50 மி.மீ., ஈரக்கூண்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு. பிளைவுட்டின் விளிம்பில் இறங்குவதால் முதலில் 2.5 மி.மீ. துளை போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுக்குகள் பிளந்துகொள்ளும், அந்தப் பிளவில்தான் தண்ணீர் நுழையும். 15 செ.மீ.க்கு ஒன்று போதும்.

அடித்தளத்துக்கு 18 மி.மீ. தாங்குமா?

தனியாக விட்டால் தாங்காது. கணக்கு போட்டுப் பாருங்கள். டெகு குழி தோண்டும் இனம், 30 செ.மீ. மண்ணாவது வேண்டும். 8×4 அடிப் பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர். அதில் 30 செ.மீ. என்றால் 0.9 கன மீட்டர். ஈர மண்ணும் மணலும் கலந்தது கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தாலும் மொத்தம் 1200 கிலோவைத் தாண்டும். ஒரு சிறிய காரின் எடை! பாதி அளவு மண் போட்டாலும் 600 கிலோ.

ஆகவே தகட்டின் கீழே 2×3 அங்குலக் கட்டைகளால் ஏணி மாதிரிச் சட்டம் போட வேண்டும். நீளவாக்கில் இரண்டு, 40 செ.மீ. இடைவெளியில் குறுக்குக்கட்டை ஏழு. கட்டையின் 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். படுக்கவைத்தால் வளையாமல் நிற்கும் திறனில் பாதிக்கு மேல் போய்விடும். சட்டம் தரையை நேரே தொடாமல், ஆனால் எல்லாக் குறுக்குக்கட்டைக்கும் கீழே தாங்கல் இருக்கும்படி வையுங்கள். தரைக்கும் கட்டைக்கும் நடுவே காற்று போனால்தான் அடியில் ஓதம் ஏறாது.

மாடியில் வைக்கிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ சுமைக்கென்று வடிவமைக்கப்படுபவை. 30 செ.மீ. ஈரமண் மட்டுமே 400 கிலோவைத் தாண்டுகிறது. தரைத்தளம்தான் இதற்கு இடம். முடியாதென்றால் கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்.

மண் முன்பக்கமும் தள்ளும். 8 அடி நீளத் தடுப்புப் பலகை நடுவில் தாங்கல் இல்லாமல் நின்றால் வெளியே புடைத்து, மேலே ஓடும் கண்ணாடி இறுகிவிடும். நடுவில் ஒரு செங்குத்துக் கட்டை வைத்துவிடுங்கள்.

மரத்துக்கு உள்ளே என்ன பூசுவது?

எந்த மரம் என்று ஒரு வாரம் யோசிப்பவர்கள் பூச்சை ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். கூண்டின் ஆயுளைத் தீர்மானிப்பது பூச்சுதான்.

வறண்ட கூண்டுக்குத் தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ் 4 கோட். 8×4×4 கூண்டின் உட்பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர். ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், ஆக 5 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கோட் காய்ந்ததும் மரநார் முள்ளாக எழும்பி நிற்கும். கையால் தடவினால் பூனையின் நாக்கு மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் தூள் துடைத்து, அடுத்த கோட்.

ஈரக்கூண்டில் அடித்தளத்துக்கும், சுவரில் மண் தொடும் உயரம் வரைக்கும் இரண்டு பகுதி (பிசினும் கெட்டியாக்கியும்) கலக்கும் எபாக்சி. அது 5 சதுர மீட்டர் வரும், இரண்டு கோட்டுக்கு 2 கிலோ பிடிக்கும். கலப்பு விகிதத்தை டப்பாவில் போட்டபடி துல்லியமாக அளந்துகொள்ளுங்கள். கண் அளவில் கலந்தால் பிசுபிசுப்பு என்றைக்கும் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். காய்ந்த எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி வழவழப்பு படிந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கோட். புறஊதா விளக்கு நேராகப் படும் இடத்தில் எபாக்சி மஞ்சளாகி உதிரும். அங்கே மேலே பாலியூரிதேன் அடியுங்கள், அல்லது மண் மூடட்டும்.

விளிம்புக்கு எப்போதும் இரண்டு கோட் கூடுதல். தண்ணீர் உறிஞ்சுவதில் தகட்டின் முகம் ஒரு மடங்கு என்றால் வெட்டுமுகம் பல மடங்கு. திருகாணித் துளை, வயர் போகும் துளை, காற்றுத்துளை எல்லாமே வெட்டுமுகம்தான். பூசிய பிறகு துளை போட்டால் அந்தத் துளைக்குள்ளும் பூச்சு போக வேண்டும்.

சிலிக்கான் முதலிலா, பூச்சு முதலிலா?

பூச்சு முதலில். சிலிக்கான் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. பூசிய தகடுகளை நிறுத்திய பிறகு உள்மூலைகள் எல்லாவற்றிலும் பூஞ்சைத்தடுப்பு மருந்து கலக்காத, 100 சதவீத சிலிக்கான் போடுங்கள். மூலைகளின் மொத்த நீளம் 15 மீட்டர் வரும், 300 மி.லி. குழாய் இரண்டு போதும். குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கானில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி உண்டு, அதைத் தவிருங்கள். சிற்றுண்ணி புகும் இடுக்கையும் தண்ணீர் புகும் இடுக்கையும் ஒரே வேலையில் அடைக்கிறீர்கள்.

பூசி முடித்து எத்தனை நாளில் விலங்கை விடலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பது கணக்கே இல்லை. தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் முழுதாக இறுக 3 முதல் 4 வாரம் ஆகும், எபாக்சிக்கு ஒரு வாரமாவது வேண்டும். சிலிக்கானின் புளிக்காடி நெடி போக 3 முதல் 7 நாள். எல்லாம் முடிந்தபின் விளக்குகளை எரியவிட்டு, கதவை மூடி, ஒரு நாள் முழுக்க வையுங்கள். மறுநாள் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்துபாருங்கள். ஏதாவது நெடி மூக்கில் ஏறினால் இன்னும் ஒரு வாரம் திறந்து வையுங்கள். தணியாத சூட்டில் இருக்கப்போவது விலங்குதான், அதனால் எழுந்து வெளியே போக முடியாது.

மரக்கூண்டில் சூட்டு விளக்கு வைத்தால் தீப்பிடிக்காதா?

மரம் நல்ல வெப்பத்தடுப்பு. அதன் வெப்பக் கடத்தல் கண்ணாடியில் ஏழில் ஒரு பங்குதான். சூடு தங்குவதற்காகத்தான் பெரிய கூண்டுக்கு மரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அதே குணத்தால் விளக்குக்கு நேர் மேலே உள்ள சூடும் கலையாமல் தேங்கும்.

செராமிக் ஹீட்டருக்கும் எந்த மரப்பரப்புக்கும் நடுவே 25 செ.மீ. விடுங்கள். பீங்கான் ஹோல்டர் மட்டுமே, பிளாஸ்டிக் வேண்டாம். சுற்றிக் கம்பிவலைக் கூடு, வெப்பத்தைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட். கூரையில் விளக்குக்கு மேலே சிமென்ட் ஃபைபர் போர்டுத் துண்டு ஒன்றை, மரத்திலிருந்து விரலளவு இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். வேலை முடிந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியால் அருகில் உள்ள மரத்தை அளந்துபாருங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விளக்கை நகர்த்துங்கள். வீட்டில் ஆறவைத்த எபாக்சி ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இளகத் தொடங்குகிறது. விலங்கு வெயில் காயும் மேடைக்கு மரத்துக்குப் பதிலாகக் கல்லோ ஓடோ வையுங்கள்.

எடையைக் குறைக்க 12 மி.மீ. போடலாமா?

பக்கச்சுவருக்கும் பின்சுவருக்கும் போடலாம், இரண்டடிக்கு ஒரு ரீப்பர் வெளிப்பக்கம் கொடுத்தால். எடை மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் வளர்ந்த மலைப்பாம்பு மூக்கால் முட்டித் தள்ளும் இடம் மூலை. அங்கே விளிம்பில் திருகாணி பிடிக்க 12 மி.மீ. மெல்லியது, உள்ளே 1×1 அங்குலக் கட்டை வைத்துத்தான் திருக வேண்டும். கூரையில் 12 மி.மீ. வேண்டாம். முகப்பில் 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. அது ஓடும் மேல்சட்டம் கூரையோடு சேர்ந்தது. கூரை 3 மி.மீ. தொய்ந்தாலே கதவு நகராது.

இரண்டு வருடத்தில் ஒரு மூலை கறுத்துவிட்டது. மாற்றத்தான் வேண்டுமா?

மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை இறங்காமல் நின்றால் கறை மட்டும்தான். மண்ணை ஒதுக்கி இரண்டு வாரம் காயவிட்டு, 80 எண் உப்புத்தாளால் பழைய பூச்சைத் தேய்த்தெடுத்து எபாக்சி அடியுங்கள். முனை வெண்ணெயில் போவது மாதிரி இறங்கினால் உள்ளடுக்கு இற்றுவிட்டது. கெட்ட இடத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி நல்ல மரம் வரும் வரை வெட்டியெடுத்து, கீழே கட்டை கொடுத்து, புதுத் துண்டு பொருத்துங்கள். மறுபடி மண் போடுவதற்கு முன் அந்த மூலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்போ, ஈரத்துக்காகத் தண்ணீர் தெளிக்கும் பனித்தூவியின் சொட்டும் குழாயோதான் இருக்கும்.